வெனிஸில் ஒரு மார்ட்டினி கேட்டேன்

வெனிஸிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகிறது. முதல் நாள் மாலை கொடுத்த பில் இன்னும் பர்ஸிலேயே இருக்கிறது. 22 யூரோ. பயணம் முழுக்க ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன். அப்படிப் பார்த்தால் 2200 ரூபாய், அதுவும் நான் குடிக்க நினைக்காத ஒன்றுக்கு.

சான் மார்க்கோ சதுக்கத்தில் ஒரு கஃபே. காலையிலிருந்து நடந்த களைப்பு. உட்கார்ந்ததும் "ஒரு மார்ட்டினி" என்றேன். டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, சிவப்பாக ஏதோ ஊற்றி, ஆரஞ்சுத் துண்டு செருகிக் கொண்டுவந்து வைத்தார்கள். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பின்னாலேயே கசப்பு. நான் நினைத்த மார்ட்டினி ஜின் என்ற மதுவில் கலக்கும் காக்டெய்ல். இதில் ஜின் ஒரு சொட்டுகூட இல்லை. பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் உள்ளே போய் பாட்டிலையே எடுத்துவந்து காட்டினார். லேபிளில் பெரிய எழுத்தில் மார்ட்டினி என்றுதான் இருந்தது.

இத்தாலியில் அந்தப் பெயர் முதலில் ஒரு வெர்மூத் பிராண்டுக்குத்தான் சொந்தம். 1863-லிருந்து டூரின் பக்கம் தயாராகிறது. வெர்மூத் என்பது மூலிகைகளை ஊறவைத்து, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்த ஒயின். நிறைய ஜின்னோடு துளி வெர்மூத் சேர்த்துக் குளிரவைத்தால் நாம் நினைக்கிற மார்ட்டினி. அங்கே வெறும் பெயரைச் சொன்னால் வெர்மூத்தையே ஊற்றிக் கொடுப்பார்கள். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் இதே கதைதான். அதனால் "மார்ட்டினி காக்டெய்ல், கோன் ஜின்" என்று முழுசாகச் சொல்லுங்கள். கோன் ஜின் என்றால் ஜின்னோடு.

சரி, அது என் தவறு, பரிமாறியவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பில்லில் 6 யூரோ இசைக் கட்டணம் என்று தனியாகப் போட்டிருந்தார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வாத்தியக்காரர்கள் வாசித்ததைக் கேட்டதற்காம்! மெனு அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. களைத்து வந்து உட்காருபவன் அதையா படிப்பான்? உட்காரும்போதே வாயால் சொல்வதுதான் முறை.

மறுநாள் இரவு மெஸ்த்ரேயில் முயன்றேன். வெனிஸ் தீவுக்குள் அறை வாடகை கட்டுப்படியாகாது என்பதால் அங்கேதான் தங்கியிருந்தேன். ரயிலில் பத்து நிமிஷம், டிக்கெட் 2 யூரோகூட இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஹோட்டல் பார். இந்த முறை வார்த்தை சரியாக வந்தது, மார்ட்டினிதான் சரியில்லை. வெர்மூத் பாட்டில் விளக்குக்குக் கீழே அலமாரியில் நின்றது. திறந்த வெர்மூத் திறந்த ஒயின் மாதிரி. ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டால் சில வாரத்தில் செத்துவிடும். கோப்பையும் அறைச்சூட்டில் இருந்தது, அகலமோ ஒரு சாறு கிண்ணம் அளவு. பாதி குடிப்பதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது. வெதுவெதுப்பான ஜின்னைவிட மோசமான குடி கிடையாது. மார்ட்டினியில் ஒளிந்துகொள்ள சர்க்கரை இல்லை, பழச்சாறு இல்லை. குளிர்ச்சி போனால் எல்லாமே போய்விடும்.

இனி புதிய இடத்தில் வெர்மூத் ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறதா, கோப்பை ஃப்ரீசரிலிருந்து வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்பேன். இரண்டும் இல்லை என்றால் பீர்.

மூன்றாம் நாள் ஹாரிஸ் பார். படகு டிக்கெட் ஒருமுறைக்கு 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். வலித்தது. வல்லரெஸ்ஸோ நிறுத்தத்தில் இறங்கினால் கண்முன்னே கதவு. இறங்கி நின்றும் நான் தேடினேன், ஏனென்றால் பளபளப்பாக ஒன்றும் இல்லை. தண்ணீர்க் கரையிலேயே இருந்துகொண்டு, ஜன்னலுக்கெல்லாம் மங்கல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். உள்ளே சின்ன அறை, தாழ்வான மேஜைகள், வெள்ளைக் கோட்டு பார்டெண்டர்கள். ஜுசெப்பே சிப்ரியானி 1931-இல் திறந்த இடம். அவர் ஹோட்டல் பாரில் வேலை பார்த்தபோது, கையில் காசில்லாமல் நின்ற ஹாரி பிக்கரிங் என்ற அமெரிக்க இளைஞனுக்கு 10,000 லிரா (யூரோவுக்கு முந்தைய இத்தாலிய நாணயம்) கடன் கொடுத்திருக்கிறார். அவன் சில காலம் கழித்துத் திரும்பி வந்து, கடனோடு இன்னும் 40,000 சேர்த்துக் கொடுத்தானாம். அந்தப் பணத்தில் தொடங்கிய பாருக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே வந்து உட்கார்ந்த இடமும் இதுதான்.

சுற்றிலும் எல்லோர் கையிலும் பெல்லினி, வெள்ளைப் பீச் பழக்கூழில் ப்ரொசெக்கோ என்ற நுரைக்கும் ஒயினை ஊற்றியது. அது பிறந்ததே இங்கேதான். நான் அசையவில்லை. கோன் ஜின் என்றேன்.

வந்ததைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்தேன். காம்பு வைத்த கோப்பை இல்லை. காபி டம்ளரைவிடச் சின்னதாக, நேரான ஒரு கண்ணாடிக் குவளை. வெளியெல்லாம் பனி பூத்திருந்தது. பத்துப் பங்கு ஜின்னுக்கு ஒரு பங்கு வெர்மூத் என்று முன்கூட்டியே கலந்து, குவளையோடு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். ஐஸோடு கலக்கினால் சேருகிற தண்ணீர் இதில் இல்லை. முதல் வாய் எண்ணெய் மாதிரி கனமாக நாக்கில் படர்ந்தது. ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிபர் காயின் வாசனை மெல்ல மேலே வந்தது, கடைசியில் லேசான மூலிகைக் கசப்பு. குவளை சின்னது என்பதால் கடைசி வாயும் முதல் வாயைப் போலவே பற்கூச்சம் எடுக்கும் குளிர். 20 யூரோவுக்கு மேல்தான் ஆனது. முதல் நாள் 22 யூரோ இன்னும் எரிகிறது, இது எரியவே இல்லை.

அங்கே சாப்பிட மட்டும் உட்காராதீர்கள், என் மாதிரி பட்ஜெட்டுக்குத் தாங்காது. வெளியே வந்து ரியால்தோ சந்தைப் பக்கம் நடந்து, ஒரு சின்ன ஒயின் கடையில் நின்றபடியே சாப்பிட்டேன். சிக்கெத்தி என்பார்கள், கையகலத் தின்பண்டங்கள். மத்தி மீனைப் பொரித்து, வதக்கிய வெங்காயத்தோடு வினிகரில் ஊறவைத்து, உலர்திராட்சை தூவியது ஒன்று. காட் மீன் கருவாட்டை ஊறவைத்து வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய் மாதிரி அடித்து ரொட்டியில் தடவியது இன்னொன்று. கருவாடு அவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. நான்கு துண்டும் ஒரு சின்னக் கிளாஸ் ஒயினும் சேர்த்து 11 யூரோ.

கடைசி நாள் படகே ஏறவில்லை. சாந்தா லூச்சியா ஸ்டேஷனில் இறங்கி, பாலங்கள் மேலேறி இறங்கி, இரண்டு முறை வழி தவறி சான் மார்க்கோ வரை நடந்தேன். திரும்பவும் நடைதான். போக வர 19 யூரோ மிச்சம். அதில் இன்னும் கொஞ்சம் சேர்த்து, அதே மங்கல் கண்ணாடிக் கதவைத் தள்ளி, அதே சின்னக் குவளை இன்னொன்று வாங்கினேன்.