அந்தி அழுகையும் அம்மாவின் தூளியும்

ஜனவரி 8

மகள் பிறந்து இன்றோடு ஆறு வாரம் நிறைகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கிய அழுகை இரவு ஒன்பதரை வரை ஓயவில்லை. பால் குடித்தாள், ஏப்பம் விட்டாள், துணியும் மாற்றினேன். ஆனாலும் முகம் சிவக்க அழுதாள். காலையில் அவளைப் பரிசோதித்த மருத்துவர், எடை சரியாக ஏறுகிறது, நோய் எதுவும் இல்லை, பல குழந்தைகளுக்கு இந்த அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைந்து மூன்று நான்கு மாதங்களில் தானாகவே தணியும் என்று விளக்கியிருந்தார். வசம்பு உரசிக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்றார்.

ஜனவரி 11

மூன்று நாளாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று புரிந்தது. அழுகைக்கு வெகுநேரம் முன்பே தூக்கம் வந்துவிடுகிறது. பார்வை ஓரிடத்தில் நிலைக்கிறது, புருவத்தின் மேல் மெல்லிய சிவப்பு படர்கிறது, முகத்தை என் தோளில் தேய்க்கிறாள். அதைப் பசி என்றும் விளையாட்டு என்றும் எண்ணி நாங்கள்தான் அவளை விழித்திருக்கச் செய்திருக்கிறோம். இதை எழுதும்போதே மனம் வலிக்கிறது. இந்த வயதில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவளால் விழித்திருக்க முடிவதில்லை.

ஜனவரி 15

பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆசையாகக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். பதினொரு மணிக்குத்தான் உறங்கினாள்.

ஜனவரி 19

தூளியைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் நீண்ட பேச்சு. நானும் தம்பியும் உறங்கிய அதே கொக்கியில், தன் பழைய பருத்திப் புடவையைக் கட்டி வைத்திருந்தார். தூளியின் வளைவில் குழந்தையின் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டால் மூச்சு தடைபடலாம் என்பதால், கண் முன்னே வைத்து ஆட்டுவது, உறங்கியதும் தலையணை இல்லாத சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பது என்று முடிவு செய்தோம்.

ஆனால் படுக்கையில் விட்டவுடன் கைகளை விரித்துத் திடுக்கிட்டு விழித்துவிடுகிறாள். தலை முதலில் தாழும்போது கீழே விழுவதாக உடல் உணர்ந்து அப்படித் துள்ளுகிறது. இன்று முதலில் கால்களையும் அடுத்துப் பிட்டத்தையும் படுக்கையில் பதித்து, கடைசியாகத் தலையை இறக்கி, கையை உடனே எடுக்காமல் நெஞ்சின் மீது சற்று நேரம் வைத்திருந்தேன். விழிக்கவில்லை!

ஜனவரி 26

ஏழு மணிக்கே குழல்விளக்கை அணைத்துச் சிறு விளக்கை மட்டும் எரியவிட்டோம். இரவு பகல் பேதம் அறிய அவளுக்கு இன்னும் சில வாரங்கள் ஆகும் என்பதால், பகலில் சன்னல்களைத் திறந்தே வைக்கிறோம். புருவம் சிவந்ததும் பால் கொடுத்து, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, தூளிக்குப் போகாமல் நேராகப் படுக்கையிலேயே கிடத்தினேன். இரண்டு முறை சிணுங்கினாள், தூக்கவில்லை. அருகில் அமர்ந்து அம்மா தாழ்ந்த குரலில் “ஆராரோ ஆரிரரோ” என்று இழுக்க, எட்டேகாலுக்குக் கண்கள் மூடின. என் சுண்டுவிரலைப் பற்றியிருந்த பிடி மட்டும் இன்னும் சற்று நேரம் தளரவில்லை.