ஓட்டன் ஒரு நியாண்டர்தால்

அப்பாவுக்கு அப்பா பாட்டன், அவருக்கு அப்பா பூட்டன், அவருக்கும் அப்பா ஓட்டன். எங்கள் வீட்டில் பூட்டன் பெயர் வரைக்கும்தான் தெரியும், ஓட்டன் பெயரைக் கேட்டால் பெரியவர்களே கைவிரிக்கிறார்கள். ஆனால் 40,000 வருடத்துக்கு முன்னால் ருமேனியாவில் வாழ்ந்த ஒருத்தருடைய ஓட்டன் யார் என்று இப்போது ஓரளவு சொல்ல முடிகிறது. அதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

2002-ல் பெஷ்டேரா கு ஓசே என்ற குகையில் (எலும்புகள் உள்ள குகை என்றுதான் அர்த்தம்) ஒரு கீழ்த்தாடை கிடைத்தது. நம்மைப் போன்ற மனிதனின் தாடைதான். 2015-ல் அதன் மரபணுவைப் படித்தபோது 6 முதல் 9 சதவீதம் நியாண்டர்தாலிடமிருந்து (நமக்கு நெருங்கிய, இப்போது அழிந்துபோன இன்னொரு மனித இனம்) வந்தது என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட நமக்கெல்லாம் அது 2 சதவீதம் அளவில்தான் இருக்கிறது.

எனக்கு அந்த அளவைவிட, நியாண்டர்தாலிடமிருந்து வந்த மரபணுத் துண்டுகளின் நீளம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அம்மா வழியில் வந்த குரோமோசோமும் (மரபணுக்கள் வரிசையாக இருக்கும் இழை) அப்பா வழியில் வந்ததும் அங்கங்கே வெட்டுப்பட்டு, இடம் மாறி ஒட்டிக்கொண்டு பிள்ளைக்குப் போகின்றன, அதனால் ஒரு மூதாதையிடமிருந்து வந்த துண்டு காலம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். நம்மிடம் இருப்பவை பொடித் துணுக்குகள். இவருக்கோ 12-வது குரோமோசோமில் ஏறக்குறைய பாதி நியாண்டர்தாலுடையது! அவ்வளவு நீளமாக இருக்கிறது என்றால் வெட்டுப்பட நேரமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கணக்குப் போட்டால் 4 முதல் 6 தலைமுறைதான் வருகிறது, அதாவது ஓட்டனோ ஓட்டியோ, இல்லை அதற்கு ஒன்றிரண்டு படி மேலே.

இதைக் 'கலப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது போதவில்லை. அங்கே ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, யாரோ அதற்குப் பால் கொடுத்து, தூக்கிச் சுமந்து, ஆளாக்கியிருக்கிறார்கள். அப்புறம் அதற்கும் பிள்ளைகள் பிறந்து, அந்த வரிசையில் வந்தவர்தான் இந்தத் தாடைக்காரர். நியாண்டர்தால்களை நம் ஆட்கள் அடித்து விரட்டினார்கள் என்ற ஒற்றைக் கதையை நம்பி வளர்ந்தவன் நான், இனி அப்படி நினைக்க முடியாது.

நம்மிடம் இருக்கும் 2 சதவீதம் இவர் வழியாக வந்ததில்லை, அது இவருக்கும் முன்பே நடந்த உறவிலிருந்து வந்தது. இவருடைய கிளையின் சுவடு பிற்கால ஐரோப்பியர்களிடம் தென்படவில்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்குச் சொல்ல அந்தத் தாடை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.