பீச் ரோட்டுல நாடி புடிச்ச கதை

மூணு மாசமா காலைல பாண்டி பீச் ரோட்டுல நடக்குறேன், காந்தி சிலைலேர்ந்து டூப்ளே சிலை வரைக்கும் போய்ட்டு திரும்ப. மொத நாள் நடந்து முடிச்ச கையோட மணிக்கட்டுல விரல வச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குனா 148! பயந்தே போய்ட்டேன். எனக்கு 42 வயசு, 220ல வயச கழிச்சா 178, அதுதான் ஒரு நிமிஷத்துக்கு இதயம் துடிக்கிறதோட தோராயமான உச்சம், மிதமான பயிற்சின்னா அதுல பாதிலேர்ந்து 70 சதவீதம், அதாவது 89லேர்ந்து 125க்குள்ள இருந்தா போதும்.

இப்ப அதே தூரம் அதே வேகம், 116 தான். தசைக்கு ஆக்சிஜன் வேணும்னுதான் இதயம் ஓட்டமா ஓடுது, பழகப் பழக ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலா ரத்தம் தள்ளுது, அதனால கம்மியா துடிச்சாலே வேலை முடிஞ்சிடுது. சும்மா உக்காந்திருக்கும்போதும் 84 இருந்தது 72க்கு வந்துடுச்சு. ஸ்மார்ட் வாட்ச்லாம் வாங்கல, விரல் போதும்ங்க. ஆனா காபி குடிச்ச உடனே எண்ணாதீங்க, நான் அப்படித்தான் ஒருநாள் ஏமாந்தேன்.