இரண்டரை பஸ்

1979-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆசிரியர் குழு ஒன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்தது. 'கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனுக்கு வயது என்ன?' 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் எட்டாம் வகுப்பில் கப்பலை மினி லாரியாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். பெரும்பாலான நோட்டுகளில் டிரைவருக்கு 36 வயது. "எப்படிடா?" என்றேன். "கழிச்சா 16 வருது சார், 16 வயசுல லைசென்ஸ் தர மாட்டாங்க. அதான் கூட்டினேன்" என்றான் ஒருவன்.

இவனுக்கு யோசிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? லைசென்ஸ் வரைக்கும் யோசித்திருக்கிறான். கேள்வியையே தட்டிக் கேட்கலாம் என்பதுதான் அவனுக்குத் தோன்றவில்லை. தோன்ற வழியும் இல்லை. புக் பேக் கணக்கில் கொடுத்த எண்ணெல்லாம் பயன்படும். விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும். எந்தச் சூத்திரம் என்பதைப் பாடத் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் ஸ்லிப் டெஸ்ட்டில் ஒன்றிரண்டு கணக்குகளில் வேண்டுமென்றே ஒரு விவரத்தை விட்டுவிடுவேன், அல்லது தேவையில்லாத எண் ஒன்றைச் செருகுவேன். 'இது போதாது, இன்ன விவரம் வேண்டும்' என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆரம்பத்தில் வகுப்பே குழம்பும். பிறகு நல்ல கணக்கையும் சந்தேகப்படத் தொடங்குவார்கள். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒருமுறை, '130 பேர் சுற்றுலா போக 52 இருக்கை பஸ் எத்தனை வேண்டும்?' என்று கேட்டேன். 2.5 என்று எழுதியவர்களை மற்றவர்களே கேலி செய்து 3 ஆக்கினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ரெண்டே போதும் சார். பஸ்ஸுக்கு 13 பேர் நின்னுட்டு வரலாம். எங்க ஊர் பஸ்ல அதைவிட அதிகமா நிக்கிறோம்." இன்னொருத்தி விடவில்லை: "டூருக்கு யாருடி நின்னுட்டே போவாங்க? எவ்வளவு தூரம்னு கேளு முதல்ல." தூரத்தைக் கேள்வியில் நான் கொடுத்திருக்கவில்லை. பீரியட் அதிலேயே போனது.

"இதுக்கெல்லாம் பப்ளிக்ல மார்க் போடுவாங்களா?" என்று சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. 5, 8 வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று 2019-இல் வந்த உத்தரவு 2020 பிப்ரவரியில் ரத்தானதால்தான் எட்டாம் வகுப்பில் எனக்கு இந்த இடம் கிடைக்கிறது. பத்தாம் வகுப்பைக் கொடுத்தால், ஜனவரிக்கு மேல் நானும் ரிவிஷன் டெஸ்ட்தான் வைப்பேன்.