அப்பாவின் புழுக்கம்

உனக்கு மறக்கவே முடியாத சிறுகதை எது என்று யாராவது கேட்டால் மழுப்பிவிடுவேன். கதையைச் சொன்னால் எங்கள் காம்பராவையும், நாங்கள் குடியிருந்த அந்த ஒற்றை அறையையும், சொல்லவேண்டி வரும். இப்போது அப்பாவும் இல்லை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான அந்த லயமும் இல்லை. சொல்லலாம்.

இலங்கை மலையகத்தில், குளிர் பிரதேசமான மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்தில் நாலாவது காம்பரா எங்களுடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது வராந்தா. அப்பா, அம்மா, அப்பாயி, நான், இரண்டு தம்பிகள். நான் பெரிய மனுஷி ஆனதும் அம்மா தன் பழைய சேலையொன்றைக் குறுக்கே கட்டினாள். அந்தப் பக்கம் நானும் அப்பாயியும். கரண்ட் இல்லை. குப்பி லாம்பை ஊதி அணைத்துவிட்டால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

1998இல் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். டவுண் நூலகத்தில் கதைப் புத்தகம் எடுத்துவந்து, அம்மா ரொட்டி தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி'யை அப்படித்தான் வாசித்தேன். எங்கள் தேயிலைக்காட்டுக்குக் கப்பலேறி வந்தவர்களின் கதை. அப்பாயி மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' வேறு மாதிரிப் போனது. ஒரு பெண் எடுத்த கொழுந்தின் நிறையைச் சந்தேகப்படும் இடம் வந்ததும் அம்மா மாவுக் கையோடு திரும்பினாள்.

"நிறுத்து. அந்தத் தராசை யாராச்சும் பார்த்தாங்களா?"

அவ்வளவுதான், கதை பாதியில் நின்றது. அம்மா தன் கதையைத் தொடங்கிவிட்டாள். முந்தின வாரம் மழையில் நனைந்து நனைந்து 17 கிலோ எடுத்திருக்கிறாள். தண்ணிக்கும் சாக்குக்குமென்று இரண்டைக் கழித்தார்கள். பேர் விழ, அதாவது ஒரு நாள் சம்பளம் முழுசாகக் கிடைக்க, 16 வேண்டும். ஒரு கிலோவில் அரைப் பேர். அதைச் சொல்லிச் சொல்லி ரொட்டி ஒரு பக்கம் கருகிப்போனது. தம்பிமார் கருகினதைத்தான் தின்றார்கள். ராமையாவுக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைத்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் எடுத்துவந்ததில் தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' இருந்தது.

முதலில் தனியாக வாசித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. லயத்துக் காம்பரா, ராத்திரி, இருட்டு. மனைவி என்று நினைத்து ஒருவன் கை வைக்கிறான். அது வளர்ந்த மகள். புத்தகத்தை மூடி பாயின் அடியில் வைத்தேன். பிறகு எடுத்து பாடக் கொப்பிகளுக்கு நடுவில் செருகினேன். அங்கேயும் மனம் கேட்காமல் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன். அந்த வீட்டில் ஒளிக்க வேறு இடமும் கிடையாது.

"இன்னிக்கு என்னா கதை?" என்றாள் அம்மா.

"கதை இல்லம்மா. பாடம் கிடக்கு."

அந்த மனிதனின் அவமானம் என்னைப் பிடித்துக்கொண்டது உண்மை. ஆனால் நான் இரவு முழுக்க யோசித்தது எங்கள் அப்பாவை. சேலை கட்டின நாளிலிருந்து அவர் இஸ்தோப்பில்தான் படுப்பார். தையில் பனி கொட்டி, விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். அப்போதும் அங்கேதான். ஒரு கம்பளி, அதற்கு மேல் உரச் சாக்கைப் பிரித்துத் தைத்த விரிப்பு. ஏன் என்று கேட்டால், "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு" என்பார். மஸ்கெலியாவில் புழுக்கம்! தம்பிமார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். அம்மா அதை மறுத்ததே இல்லை.

கடைசி வரியில் தூக்கிப்போடும் கதைகள் மேல் எனக்கு அன்றைக்கிருந்து பெரிய மதிப்பில்லை. 'மீன்கள்' எனக்கு முடிவில் ஒன்றும் செய்யவில்லை. நடுவிலேயே எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 2013இல் ஜோசப்புக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் அந்தக் கதையைப் பேசினார்கள். வாயைத் திறக்காமல் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். 2022இல் அவர் காலமான செய்தி வந்த அன்றும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த இரவைச் சொல்லவேண்டும். வெளியே அப்பா இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாயியின் காலைத் தாண்டி, சேலையை ஒதுக்கி, என் போர்வையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னா புள்ள, தூங்கலயா?"

"உள்ள புழுக்கமா இருக்குப்பா."

பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் நீட்டின போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பனி கொட்டுது. உள்ள போ."