ஒரே கேபிளில் இரண்டு கம்ப்யூட்டர்: சுவிட்ச் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம்

கீழே கடை, மேலே வீடு. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டைச் சுற்றி இப்படிக் கட்டடங்கள் நிறைய. கடையில் ஒரு பில்லிங் கம்ப்யூட்டர், மாடியில் இன்னொன்று, நடுவில் படியேறி இறங்கும் ஒரு பென் டிரைவ். எது இன்றைய கணக்கு, எது நேற்றையது என்று குழம்பும் வரை இது ஓடும். இரண்டே கம்ப்யூட்டர் என்றால் ஒரு நெட்வொர்க் கேபிளை நேராக இதிலிருந்து அதில் செருகினால் போதும்.

'கிராஸ் கேபிள்' (ஒரு முனையில் அனுப்பும் இழைகளும் வாங்கும் இழைகளும் இடம் மாறியிருக்கும் கேபிள்) கேட்டு இன்னும் கடைகளில் அலைகிறார்கள். அது நெட்வொர்க் வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஆக இருந்த காலத்துத் தேவை. இன்றைய கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டுகள் கேபிளின் இழை ஜோடிகள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைத் தாங்களே கண்டறிந்து சரிசெய்துகொள்கின்றன. சாதாரண நேர் கேபிளே வேலை செய்யும். மிகப் பழைய மெஷின் இரண்டை இணைத்தால்தான் கிராஸ் வேண்டும்.

பணத்தைக் கேபிளில் போடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்-6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று சொல்லி விற்பதில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் கலந்திருக்கும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள், மடக்கினால் ஒடிந்துவிடும். தூரம் 100 மீட்டர் வரை போகலாம். மொட்டை மாடி வழியாக இழுப்பதென்றால் வெயில் தாங்கும் கறுப்பு அவுட்டோர் கேபிளே வேண்டும்; உள்ளறைக் கேபிளின் தோல் வெயிலில் வெடித்துவிடும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க வேண்டாம்.

கேபிள் முனையில் பிளக்கை நீங்களே அழுத்திப் பொருத்துவதானால் (கிரிம்ப்), பிளக்கின் கிளிப் கீழே, தங்க நிறப் பின்கள் மேலே இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரு முனையிலும் இதேதான். 'இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சரி' என்று ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுகிறவர்கள் உண்டு. கேபிளைச் சோதிக்கும் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், ஆனால் வேகம் வராது. 3-வது, 6-வது பின்களுக்குப் போகும் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருந்தாக வேண்டும். பிரிந்துவிட்டால் பக்கத்து ஜோடியின் சிக்னல் உள்ளே கலந்துவிடும். டெஸ்டருக்கு அது தெரியாது. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

அடுத்தது ஐபி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள முகவரி எண். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட், ஐபி அசைன்மென்ட் பக்கத்தில் எடிட், மேனுவல், ஐபிவி4. ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2. சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியின் முகவரி) காலியாக விடுங்கள். அதில் எதையாவது போட்டால் இன்டர்நெட்டை இந்தக் கேபிள் வழியே தேட ஆரம்பித்து, ஓடிக்கொண்டிருந்த வைஃபை இன்டர்நெட் நின்றுபோகலாம். வீட்டு ரவுட்டர் 192.168.1 வரிசையில் இருந்தால் அதே வரிசையை இங்கே வைக்கவே கூடாது. ஐபி எதுவும் கொடுக்காவிட்டால் 169.254 என்று தொடங்கும் ஒன்றை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். அதிலும் ஃபைல் போகும், ஆனால் நிலையான நம்பர்தான் தினசரி வேலைக்கு நிம்மதி.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று பப்ளிக்கில் (பொது இடத்து நெட்வொர்க் வகை) தள்ளிவிடும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் மூடிக்கொள்ளும். பிங்குக்கு (மற்ற கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) பதில் வரவில்லை என்று கேபிளைப் பிடுங்க வேண்டாம். ஈதர்நெட் பக்கத்தில் பிரைவேட் என்று மாற்றி, அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள்.

பிறகு பாஸ்வேர்டு. விண்டோஸில் நுழைய அடிக்கும் நான்கு இலக்கப் பின் நம்பர் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷேரிங்குக்கென்றே ஒரு லோக்கல் கணக்கைப் பாஸ்வேர்டோடு உருவாக்குங்கள். ஃபோல்டரின் பிராபர்ட்டீஸில் ஷேர் பட்டனை அழுத்தி அந்தக் கணக்கைச் சேருங்கள். மற்ற கம்ப்யூட்டரில் ஃபைல் எக்ஸ்புளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.50.1 என்று அடியுங்கள். கம்ப்யூட்டரின் பெயரை அடித்தால் வைஃபை வழியாகவும் போய்விடலாம். நம்பரை அடித்தால் கேபிள்தான்.

ஈதர்நெட் பக்கத்திலேயே லிங்க் ஸ்பீடு (இணைப்பின் வேகம், எம்பிபிஎஸ் கணக்கில்) தெரியும். 1000 என்றால் நொடிக்குச் சுமார் 110 எம்பி (மெகாபைட்), 100 ஜிபி கால் மணி நேரத்தில் முடியும். 100 என்று காட்டினால் அதே வேலைக்கு இரண்டரை மணி நேரம். பெரும்பாலும் ஏதோ ஒரு ஜோடி அறுந்திருக்கும்: கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும், அதனால்தான் இணைப்பு சாகாமல் மெதுவாகிறது. லேப்டாப்பில் போர்ட் இல்லாமல் அடாப்டர் வாங்கினால் யுஎஸ்பி 3, கிகாபிட் என்று பார்த்து வாங்குங்கள்.

கடலோர ராயபுரம், காசிமேடு பக்கம் வேகம் குறைய உப்புக்காற்று இன்னொரு காரணம். மலிவான பிளக்கின் பின்களில் சில மாதங்களிலேயே பச்சை பூத்துவிடும். நன்றாக ஓடிய கேபிள் திடீரென்று 100-க்கு இறங்கினால் முதலில் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். முனையை வெட்டிவிட்டுப் புதுப் பிளக் போடுங்கள். அதற்காகவே முதல் நாளிலேயே இரு முனையிலும் ஒரு முழம் கேபிளைக் கூடுதலாகச் சுற்றி வைத்திருக்க வேண்டும்.