வானத்தைத் தீட்டிய கேப்டன்

ஜனவரி 5

மூன்று வாரமாகக் காமிராவைத் தொடவில்லை. கோபுரம், புறா, பூக்காரம்மா என்று நான் எடுப்பதெல்லாம் யாரோ எடுத்துப் புளித்த படங்கள்.

இரவு லினியஸ் டிரைப்பின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றியவர். மதுரையை அத்தனை பொறுமையாகப் படமெடுத்தவரின் பெயர் எனக்கே போன வருடம்தான் தெரியும்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரம்: தூண்கள், கல்தரை, சாய்ந்து விழும் வெயில். ஆள் அரவமே இல்லை. தையல்கடைகளின் மிஷின் சத்தத்தோடு அந்த இடத்தை அறிந்த எனக்கு, படத்தின் அமைதி கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ஜனவரி 8

டிரைப்பின் மேகங்கள் பொய்!

மெழுகேற்றிய காகிதம்தான் அவருடைய நெகடிவ். அது நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கல்லுக்கும் மரத்துக்கும் தேவையான நேரம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். எனவே நெகடிவின் மேலேயே வண்ணம் தொட்டு மேகம் வரைந்தார், இலைதழைகளைக்கூடத் திருத்தினார். நெகடிவில் அடைத்த இடம் அச்சில் வெளுக்கும் என்பதால் எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்துத் தீட்ட வேண்டும். இவரை ஓவியர் பட்டியலில் சேர்ப்பதா, புகைப்படக்காரர் பட்டியலிலா?

படத்தில் வானத்தை மாற்றுகிறவர்களை நான் திட்டுவது வீட்டில் பிரசித்தம். மனைவியிடம் இதைச் சொன்னேன். “கேப்டன் செய்தால் கலையா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 10

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டு. நின்ற இடத்தில் காமிராவைத் திருப்பி எடுத்ததல்ல. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்திருக்கிறார். நீளம் சுமார் 19 அடி. இப்படிப்பட்டவரின் புகைப்படப் பிரிவைத்தான் வீண்செலவு என்று ஆளுநர் டிரெவிலியன் மூடினார். அதன்பிறகு டிரைப் ஏறக்குறைய படமெடுப்பதையே விட்டுவிட்டார். படித்ததும் எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 12

விடியற்காலை பஸ்ஸில் மதுரையை அடுத்த ஒத்தக்கடை. அங்கிருக்கும் யானைமலையை டிரைப் நீளவாக்கில் காட்டாமல் முனைப்பக்கமிருந்து எடுத்திருக்கிறார். பாறை தனியாக நிமிர்ந்து நிற்கும். அதே கோணத்தைத் தேடினால் மின்கம்பி, தண்ணீர்த் தொட்டி, காதணி விழா பிளெக்ஸ்.

மொத்தம் நான்கே படங்கள் என்று வைத்துக்கொண்டேன். வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸில் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஸ்டாண்டை ஊன்றி, ஒவ்வொன்றுக்கும் முப்பது விநாடி ஒளி விட்டேன்.

“எதை எடுக்கிறீர்கள், தம்பி?” என்றார் டீக்கடைக்காரர்.

“மலையை.”

“அது எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் டீ குடியுங்கள்.”

குடித்தேன். அதற்குள் வெயில் மத்தகத்திலிருந்து துதிக்கைப் பக்கம் இறங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அந்த மலையில் நிழல் நகர்வதை நின்று பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தேன். சாலையில் போன லாரிகள் இல்லை. ஓயாமல் டீ ஆற்றிய கடைக்காரரும் இல்லை. அவர் இருந்த இடத்தில் வெளிறிய புகை. பெஞ்சில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் மூக்குக்கண்ணாடி உட்படத் தெளிவாக இருக்கிறார். நடுவில் பக்கம் புரட்டியிருக்கிறார் போலிருக்கிறது, கையில் நாளிதழைக் காணவில்லை.